பன்னிரண்டாம் பெட்டி, பதினோரு கான்ஃபிக்

சுடலைமணி அழைத்தபோது காலை எட்டேகால் மணி. ராஜஸ்ரீ கல்பாத்தியிலிருந்து கஞ்சிக்கோடு போகும் பேருந்தில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தாள்.

"மேடம், இன்னைக்கும் கத்திட்டு."

"பன்னிரண்டாம் நம்பரா?"

"அதேதான். காலையில ஆறு மணிக்கு. வானம் வெளுத்துக் கெடக்கு, ஒரு பொட்டு மழை இல்ல. இத்தோட மூணு நாளாச்சு மேடம்."

"ஜனங்க போனாங்களா?"

"மொத நாளு எல்லாரும் போனோம். புள்ளைங்க, படுக்கையில கெடந்த பெருசு, கோழிக்கூடு எல்லாத்தையும் தூக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடுனோம். நேத்துப் பாதிப் பேரு. இன்னைக்கு ஒருத்தரும் நகரல. நேரா என் வாசல்ல வந்து நிக்காங்க. 'ஏலே மணி, உன் பெட்டிக்குப் பேயா புடிச்சிருக்கு'ங்காங்க. எம் பொண்டாட்டியும் அவங்க கூட நின்னு கேக்கா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

மறுமுனையில் யாரோ தகர வாளியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"ஒண்ணும் சொல்லல. மேல ஏறிப் போயி சைரன் வயரப் புடுங்கிட்டேன்."

ஏலப்பாறைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் சுடலைமணி கொதிகலன் பார்ப்பவன். அதோடு, அந்த டிவிஷனில் மலைச்சரிவுகளில் நட்டிருக்கும் நான்கு எச்சரிக்கைப் பெட்டிகளுக்கும் அவன்தான் பொறுப்பு. பெட்டி என்றால் இரும்புக் கூட்டுக்குள் ஒரு சின்னக் கணினி, மழைமானி, மண் சாய்வதை அளக்கும் கருவி, ஒரு சைரன். மழை அளவு மீறினால் சைரன் ஒலிக்கும். கீழே லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருப்பவர்கள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும். பன்னிரண்டாம் பெட்டிக்கு நேர் கீழே ஐந்தாம் லயம். பதினாறு வீடுகள், கடைசி வீடு சுடலைமணியுடையது.

"சுடலைமணி, வயரை மாட்டிடுங்க. இன்னிக்கு மத்தியானத்துக்கு மேலே ஆரஞ்சு அலர்ட்."

"தெரியும் மேடம். பஞ்சாயத்து மெம்பரும் சொல்லிட்டாரு. மாட்டுதேன். ஆனா மாட்டி, இன்னொருக்கா அது சும்மா கத்துச்சுன்னு வைங்க, பொறவு மலையே எறங்கி வந்தாலும் ஒருத்தன் எந்திரிக்க மாட்டான். நிசமாக் கத்தும்போதும் எந்திரிக்க மாட்டான். அதுக்குப் பதில் சொல்லிட்டு மாட்டச் சொல்லுங்க."

"மத்தியானத்துக்குள்ளே கூப்பிடறேன்" என்று மட்டும் சொன்னாள். பேருந்து சந்திரநகரைத் தாண்டும்போது அவளுக்குக் கோபம் வரத் தொடங்கியது. பெட்டிமேல் அல்ல. காரணம் என்னவாக இருக்கும் என்று அவளுக்கு ஏறத்தாழத் தெரிந்திருந்தது. இரண்டு மாதத்துக்கு முன்பே அதற்கு மருந்து எழுதிக் கொடுத்தவளும் அவள்தான்.

*

அந்தப் பெட்டிகளைச் செய்யும் நிறுவனம் கஞ்சிக்கோட்டில் ஒரு இரும்பு உருக்கு ஆலைக்குப் பின்புறம் மூன்று அறைகளில் இயங்கியது. ஒன்பது பேர். உரிமையாளர் வெங்கிடேஸ்வரன், ராஜஸ்ரீயின் அடுத்த தெருக்காரர். ஊரில் அவரை மாமா என்பாள், அலுவலகத்தில் சார். பெட்டிகளின் நிரல்களுக்குப் பொறுப்பு ராஜஸ்ரீ. கர்னலைக் கட்டித் தருபவன் கொழிஞ்சாம்பாறைக்காரன் சென்னிமலை.

கணினி விழிக்கும்போது முதலில் கண் திறக்கும் நிரல்தான் கர்னல். அதற்கு என்னென்ன வேலை தெரிந்திருக்க வேண்டும் என்பதைக் கட்டும்போதே சொல்லிவிட வேண்டும். அப்படிச் சொல்வதற்கு ஆயிரக்கணக்கான சுவிட்சுகள் உண்டு. எது 'ஆன்', எது 'ஆஃப்' என்று எழுதி வைக்கும் பட்டியலைக் கான்ஃபிக் என்பார்கள்.

அந்த அலுவலகத்தில் பதினோரு கான்ஃபிக்குகள் இருந்தன. பெட்டிகள் மூன்று தவணையாக வாங்கப்பட்டவை. ஒவ்வொரு தவணையிலும் நினைவகம் வேறு, அதனால் கோப்புகளை அடுக்கிவைக்கும் ஃபைல் சிஸ்டமும் வேறு. பதிவுகளை யாரும் திருத்த முடியாதபடி பூட்டி வைக்க வேண்டும் என்பது டெண்டரின் நிபந்தனை. பழைய கர்னலில் அந்தப் பூட்டுக்கு ஒவ்வொரு ஃபைல் சிஸ்டத்துக்கும் தனித்தனி சுவிட்ச். மூன்று சுவிட்ச், மூன்று பட்டியல். பிறகு ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு நகல். நகலுக்கு நகல். யாரும் எந்த வரியையும் அழிப்பதில்லை, கடைசியில் சேர்ப்பது மட்டும்தான் வழக்கம். சேர்த்தவர் பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுதுவார். 'தொடாதே – சுதீப்.' 'என்னைக் கேட்காமல் எடுக்க வேண்டாம் – அமர்நாத்.' சுதீப் இப்போது பெங்களூரில். அமர்நாத் கனடாவில். கேட்பதற்கு யாரும் இல்லாததால் வரிகள் சாகா வரம் பெற்றுவிட்டன.

ராஜஸ்ரீ உள்ளே நுழைந்தபோது சென்னிமலை எழுந்து நின்றான்.

"கண்டுபுடிச்சுட்டனுங்க மேடம். சொன்னா அடிக்க வருவீங்க."

"பூட்டு சுவிட்சுதானே?"

"அதானுங்க. அப்டேட்டுல அனுப்புன புதுக் கர்னல்ல மூணு சுவிட்சையும் எடுத்துட்டு எல்லாத்துக்கும் பொதுவா ஒண்ணே ஒண்ணு வெச்சுட்டாங்க. நம்ம பட்டியல்ல பழைய பேருதான் இருக்குது. கட்டுற மெசினுக்கு அந்தப் பேரு தெரியலைங்க. தெரியலைன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம். சொல்லாம தாண்டிப் போயிருச்சு."

"புது சுவிட்ச் ஆஃப்."

"ஆஃபுங்க. பெட்டி எந்திரிக்குது, தன்னோட பதிவைத் தானே தொறக்க முடியல. தொறக்க முடியலைன்னா ஆபத்துன்னு நெனச்சுக்கணும்னு நாமதான சொல்லி வெச்சிருக்கோம்? பத்து நிமிசம் பாத்துட்டுக் கத்துது. அப்புறம் அடங்கிருது. மறுநாள் காலைல ஆறு மணிக்குச் சுயபரிசோதனை, மறுக்காக் கத்துது. சிம்கார்டோட சாவியும் அந்தப் பூட்டுக்குள்ளதான் இருக்குது, அதனால இங்கிருந்து தொடவும் முடியாதுங்க."

"அந்த டிவிஷன்லே நாலு பெட்டிக்கு அனுப்பினோம். மத்த மூணு எப்படி ஓடறது?"

சென்னிமலை தலையைச் சொறிந்தான். "அது மூணும் மொதத் தவணைப் பொட்டிங்க. போன மாசம் மேசைமேல டெஸ்ட் பண்றப்ப இதே தகராறு வந்துச்சு. புதுப் பேர அந்தப் பட்டியல்ல சேத்துட்டேன்."

"அந்தப் பட்டியல்லே மட்டும்."

"மத்ததத் தொடக் கூடாதுன்னு போட்டிருந்துச்சுங்களே மேடம்."

அவன் சொன்னது உண்மை. இரண்டாம் தவணைப் பட்டியலின் தலையிலேயே பெரிய எழுத்தில் இருந்தது. ராஜஸ்ரீ தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரே வியாதி, ஒரே மருந்து. பதினோரு பேரில் ஒருவனுக்கு மட்டும் கொடுத்திருக்கிறார்கள்.

மலையாளக் கணக்கில் இடவ மாதத்திலேயே, அதாவது வைகாசியில், அவள் பதினோரு பட்டியலையும் ஒன்றாக்கியிருந்தாள். மூன்று ஃபைல் சிஸ்டமும் தெரிந்த ஒரே கர்னல், எந்தப் பெட்டியில் போட்டாலும் எழும். கூடவே ஒரு சோதனையும் சேர்த்திருந்தாள்: பட்டியலில் கர்னலுக்குத் தெரியாத பெயர் ஒன்று இருந்தாலும் கட்டுவது அங்கேயே நிற்கும், பெயரைச் சொல்லும். மூன்று தவணைப் பெட்டியிலும் ஒவ்வொன்றை மேசைமேல் வைத்து இரண்டு மாதமாக ஓட்டிக்கொண்டும் இருந்தாள். அனுமதிதான் கிடைக்கவில்லை.

*

வெங்கிடேஸ்வரன் பத்து மணிக்கு வந்தார். முழுவதையும் நின்றபடியே கேட்டார்.

"ஒரு லைன் போட்டா சரியாற காரியம். அதுக்கு எதுக்கு ராஜி வீட்டையே இடிக்கணும்ங்கறே?"

"எந்த ஃபைல்லே போடறது சார்?"

"இருக்கற எதையும் தொட வேண்டாம். ரெண்டாம் தவணை ஃபைலை ஒரு காப்பி எடு. அதிலே அந்த ஒரு லைனைப் போடு. பன்னிரண்டாம் பெட்டிக்கு மட்டும் அனுப்பு. அவ்வளவுதானாக்கும்."

"அப்போ பன்னிரண்டு ஃபைல் ஆயிடும்."

"ஆகட்டுமே. பன்னிரண்டாம் பெட்டிக்குப் பன்னிரண்டாம் ஃபைல். ஞாபகம் வெச்சுக்கவும் எளுப்பம்."

சென்னிமலை சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பினான். ராஜஸ்ரீக்குச் சிரிப்பு வரவில்லை.

"மாமா" என்றாள்.

அலுவலகத்தில் அவள் அந்தச் சொல்லைப் பயன்படுத்தி அவர் கேட்டதில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"பதினோரு ஃபைல் இருந்ததாலேதான் இது நடந்தது. நீங்க பன்னிரண்டாவதைப் பெத்து எடுக்கறேள்."

"ராஜி, செத்தே கேளு. கர்க்கடகம் பொறந்தாச்சு. இந்த மாசத்துலே புதுசா ஒண்ணும் ஆரம்பிக்கப்படாது. ஆபீஸ் ரூலாக்கும்."

"ஆபீஸ் ரூலா, ஆத்து ரூலா?"

"ரெண்டும் ஒண்ணுதான். ஆத்துலே மழைக்காலத்துலே கல்யாணம் வெக்க மாட்டோம், இங்கே மழைக்காலத்துலே கர்னல் மாத்த மாட்டோம். ஏதாவது ஏடாகூடமாச்சுன்னா மழையிலே மலை ஏறி ஆரு சரி பண்றது? பெருமழை பெஞ்ச வருஷம் ஒரு லைனை எடுத்ததுலே ஏழு பெட்டி படுத்துண்டது. நான்தான் ஏறினேன். அட்டை கடிச்ச தழும்பு இன்னும் கால்லே இருக்கு, பாக்கறியா?"

வேட்டியைச் சற்றே தூக்கியும் காட்டினார். அவள் பார்க்கவில்லை.

"அந்த ரூலாலேதான் இப்போ மாட்டிண்டிருக்கோம். பாதுகாப்பு அப்டேட் கட்டாயம் போடணும்னு மாவட்ட ஆபீஸ்லேர்ந்து லெட்டர் வந்தது மிதுனம் ரெண்டாந்தேதி. கடைசித் தேதி சாயங்காலம் நாலு மணிக்கு, கர்க்கடகம் பொறக்கறதுக்குள்ளே போயாகணும்னு நீங்க அனுப்பச் சொன்னேள். ரெண்டு நாள் டெஸ்ட் பாக்கி இருந்தது. மெமரி கார்டு போட்ட ரெண்டாம் தவணைப் பெட்டியிலே அந்த ஃபைலை ஓட்டியே பாக்கலை."

"கர்க்கடகத்துக்கு முன்னாடி முடிச்சுடணும்னுதான் சொன்னேன்."

"எங்கே முடிச்சோம்? கர்க்கடகத்துக்கு முன்னாடி ஆரம்பிச்சோம், அவ்வளவுதான். இப்போ நான் புதுசா ஒண்ணும் ஆரம்பிக்கப் போறதில்லை. அதை முடிக்கறேன்."

வெங்கிடேஸ்வரன் மேசையில் விரலால் தட்டினார். "உன் ஒரே ஃபைலாலே கர்னல் முந்நூறு கேபி பெரிசாறது."

"பெட்டியிலே நாலு ஜிபி சும்மா கெடக்கு."

"ஓடிண்டிருக்கறதைத் தொடப்படாது ராஜி."

"எது ஓடிண்டிருக்கு? அந்த மனுஷன் சைரன் வயரைப் பிடுங்கிப் போட்டுட்டு உக்காந்திருக்கான். பதினாறு குடும்பம். மத்தியானம் மழை. வயரை மாட்டச் சொல்றதுக்கு எனக்கு வாய் வரலை. மறுபடியும் பொய்யாக் கத்தித்துன்னா அவன் பொண்டாட்டி புள்ளையே அதுக்கப்புறம் கேக்க மாட்டா."

ஆலையின் சங்கு பத்தரைக்கு ஊதியது.

"சரி" என்றாள் ராஜஸ்ரீ. "நீங்க சொல்றபடியே பன்னிரண்டாவது ஃபைலைப் போடறேன். ஆனா என்னோட சோதனையைப் போட்டுத்தான் கட்டுவேன். அதுக்காவது சம்மதமா?"

"சோதனைதானே. அது ஆரம்பிக்கறதிலே சேராது" என்றார் அவர்.

*

கட்டத் தொடங்கிய நான்காவது விநாடியில் திரை நின்றது. தெரியாத பெயர்கள்: நாற்பத்து மூன்று.

"படிக்கட்டுங்களா?" என்றான் சென்னிமலை. காத்திராமல் படிக்கவும் ஆரம்பித்தான். ஒரு பெயர், அதன் பக்கத்துக் குறிப்பு, அடுத்த பெயர். சுதீப்பின் தொடாதேக்கள் ஒன்பது. அமர்நாத்தினுடையவை பதினாறு. பத்மப்ரியா என்று ஒரு பெயர் வந்தது. அவள் இங்கே மூன்று மாதம் பயிற்சிக்கு வந்து போனவள் என்பது யோசித்த பிறகுதான் யாருக்கும் நினைவு வந்தது. அவளும் ஒரு வரியைச் சேர்த்து, தொடாதே என்று எழுதிவிட்டுப் போயிருந்தாள்.

"இருவத்தி நாலாவதுங்க. எக்ஸ்ட்-மூணு ஃபைல் சிஸ்டத்தோட சுவிட்சு. குறிப்பு..." சென்னிமலை நிறுத்தினான்.

"படிடா."

"'இதை எடுத்தால் பெட்டி எழும்பாது. யாரும் தொடக் கூடாது. வெ.' அப்புடின்னு இருக்குதுங்க."

வெங்கிடேஸ்வரன் எழுந்து வந்து திரையைப் பார்த்தார். அவர் கையெழுத்துத்தான் என்று சொல்ல அதில் கையெழுத்து இல்லை, ஆனாலும் அவருக்குத் தெரிந்தது.

"இதை எடுத்தா எழும்பாதுதான். நான் பாத்திருக்கேன்."

"அப்போ எழும்பலை, ஒத்துக்கறேன். இப்போ இந்தப் பேரே கர்னல்லே கிடையாது சார். அந்த ஃபைல் சிஸ்டத்தோட வேலையையும் அதுக்கடுத்து வந்ததே பாத்துக்கறதுன்னு கர்னல் எழுதறவா அதை எடுத்துட்டா. எடுத்து எத்தனையோ வருஷமாச்சு. அத்தனை வருஷமும் நம்ம பெட்டி எழும்பிண்டேதான் இருக்கு. உங்க லைனை அது படிக்கறதே இல்லை."

"சொல்லவே இல்லையே!"

"அதைச் சொல்ல வெக்கறதுக்குத்தான் ரெண்டு மாசமாக் கெஞ்சிண்டிருக்கேன்."

சென்னிமலை யாரும் கேட்காமலேயே மற்றப் பட்டியல்களையும் ஒவ்வொன்றாகச் சோதனையில் விட்டான். முப்பத்தொன்று. இருபத்தெட்டு. ஐம்பது. மூன்றாம் தவணைப் பட்டியலுக்கு வந்ததும் அவன் குரல் மாறியது.

"மேடம், இதுலயும் பூட்டு சுவிட்சு பழைய பேருல கெடக்குதுங்க. புதுப் பேரு இல்ல."

"இது எந்தப் பெட்டிகளுக்கு?"

"குமுளிப் பக்கம் ஆறு. மாசம் பொறக்கறதுக்கு முந்தியே ஏத்தி வெச்சு, திங்கக்கெழமை தானா அப்டேட் போறாப்புல டைமர் வெச்சிருக்கோமுங்க."

ஆறு பெட்டி, ஆறு சரிவு, கீழே ஆறு இடத்து ஜனங்கள். செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு மழையில்லாமல் ஆறு சைரன்கள். வெங்கிடேஸ்வரன் நாற்காலியை இழுத்துப் போட்டு விசைப்பலகைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"முதல்லே அந்த டைமரை நிறுத்து" என்றார். சென்னிமலை நிறுத்தினான். பிறகு அவர் இருபத்து நான்காவது வரியைத் தேடிப் போய், ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். முழு வரியையும் ஒரே தட்டில் அழிக்கலாம் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

"உன்னோட ஒண்ணையே போடு" என்றார். "ஆனா பதிவேட்டிலே 'புதிய அமைப்பு'ன்னு எழுதாதே. 'ரிப்பேர்'னு எழுது. கேட்டியா?"

"ரிப்பேர்னே எழுதறேன்."

*

ஒரே பட்டியலில் கட்டிய கர்னல் பன்னிரண்டு மணிக்குத் தயாரானது. மேசைமேல் இருந்த மூன்று பெட்டிகளிலும் போட்டுப் பார்த்தார்கள். மூன்றும் எழுந்தன, தங்கள் பதிவுகளைத் திறந்தன. அதற்குள் ராஜஸ்ரீ சொன்னபடி சுடலைமணி பன்னிரண்டாம் பெட்டியின் கார்டைக் கழற்றிக்கொண்டு தொழிற்சாலை அலுவலகத்துக் கணினிக்கு முன்னால் காத்திருந்தான். கோப்பு இறங்க முக்கால் மணி நேரம் ஆனது. நடுவில் இரண்டு முறை மின்சாரம் போனது. ஒருமுறை க்ளார்க் வந்து, வருகைக் கணக்கான மஸ்டர் பட்டியல் அச்செடுக்க வேண்டும், எழுந்திரு என்றார்.

"எந்திரிக்க மாட்டேன்னுட்டேன் மேடம். மஸ்டர் போவாது, லயம் போயிரும்னேன். மொறச்சுட்டுப் போறாரு."

அவன் மறுபடி மேலே ஏறும்போது மழை தொடங்கிவிட்டது. இரண்டே முக்காலுக்குக் கார்டைச் செருகினான். ராஜஸ்ரீ கைபேசியை ஒலிபெருக்கியில் வைத்திருந்தாள். மழைச் சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

"மேடம், நம்பர் காட்டுது!"

"மழை எவ்வளவு?"

"நாப்பத்தொண்ணு மில்லி. மூணு நாளா வெறும் கோடுதான் போட்டுட்டு இருந்துச்சு. இப்ப நம்பர் வருது."

"நல்லது. இப்போ சைரன் வயரை மாட்டுங்க."

"மாட்டிட்டு என்ன செய்யணும்?"

"பட்டனை அமுக்கி மறுபடி எழுப்பணும். காலையிலே ஆறு மணிக்குத் தானா செய்யற பரிசோதனையை இப்போவே செய்ய வெக்கறோம். பத்து நிமிஷத்துக்குள்ளே பதிவைத் திறக்கலைன்னா கத்தும்."

"வயரு மாட்டியிருக்கையிலயா?"

"மாட்டாம பாத்தா பாதிதான் பாத்ததா ஆகும்."

"கீழ எல்லாரும் வாசல்ல நின்னு என்னையே பாத்துட்டு இருக்காங்க மேடம். இப்பக் கத்துச்சுன்னா நான் எறங்கிப் போவ முடியாது. சத்தியமாக் கத்தாதா?"

ராஜஸ்ரீ வெங்கிடேஸ்வரனைப் பார்த்தாள். அவர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கத்தாதுன்னு சொல்ல மாட்டேன். மழை நூத்திப் பதினஞ்சு தாண்டினாக் கத்தும், மண் சாஞ்சாக் கத்தும். அந்த ரெண்டும் இல்லாமக் கத்தாது. அதுக்கு நான் பொறுப்பு."

"அப்புடிச் சொல்லுங்க. அது போதும்."

சுடலைமணி வயரை மாட்டிப் பட்டனை அமுக்கினான். பத்து நிமிடம். சென்னிமலை சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தான். வெங்கிடேஸ்வரனின் உதடுகள் அசைந்தன. ஜபமா, எண்ணுகிறாரா என்று தெரியவில்லை. ஆறாம் நிமிடத்தில் மறுமுனையில் யாரோ கீழேயிருந்து கத்தினார்கள். "மணி, அத ஒடைச்சுப் போட்டுட்டு வாலே, நனையாத!" சுடலைமணி பதிலுக்கு ஏதோ கத்தினான், அது மழையில் கரைந்தது. ஒன்பது. பத்து. பதினொன்று.

"மேடம்" என்றான் சுடலைமணி. "கத்தல. நம்பரு நாப்பத்தாறு."

*

ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு அது கத்தியது.

அலுவலகத்தில் பாதிப் பேர் கிளம்பியிருந்தார்கள். சுடலைமணி அழைத்தபோது பின்னால் சைரன் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கும் மேலே ஆட்களின் குரல்கள். அவன் ராஜஸ்ரீயிடம் பேசவில்லை. அழைப்பைத் திறந்து வைத்துவிட்டு அவர்களிடம் பேசிக்கொண்டிருந்தான்.

"இது அந்தக் கத்து இல்ல, பாருங்க. போட்டோ எடுத்துட்டு வந்திருக்கேன். நூத்திப் பதினாறு. முந்தா நாளு கோடு போட்டுச்சு, நேத்துக் கோடு, இன்னைக்குக் காலையில கோடு. இப்ப நம்பர் இருக்கா இல்லையா?"

"நம்பரு யாரு வேணாப் போடலாம்" என்றது ஒரு ஆண்குரல்.

"எண்ணே, நாலு மணிக்கு நீயே மேல வந்து பாத்தேல்லா? அப்ப எவ்வளவு?"

"எண்பத்தி ஏதோ."

"எண்பத்தி எட்டு. இப்ப நூத்திப் பதினாறு. உனக்கு வானத்தப் பாத்தா எப்படித் தெரியுது?"

பிறகு ஒரு பெண்குரல் மிக அருகில் கேட்டது. "நீ வாயப் பொளந்துட்டு நிக்காத. படுத்திருக்க மாமாவத் தூக்கு. ஏட்டி, அந்தப் பாய எடு. கோழி கெடக்கட்டும், கோழி கெடக்கட்டும்ங்கேன்!"

அழைப்பு துண்டிக்கப்பட்டது. ராஜஸ்ரீ மூன்று முறை திரும்ப அழைத்தாள். யாரும் எடுக்கவில்லை. ஆறு மணிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. 'ஸ்கூல்ல இருக்கோம். 16 வீடும்.' வெங்கிடேஸ்வரன் அதை வாங்கி இரண்டு முறை படித்தார். சாப்பாடு கிடைத்ததா என்று கேட்கச் சொன்னார். கேட்டாள். பதில் வரவில்லை.

மறுநாள் காலை எட்டேகாலுக்கு, பேருந்தில் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தபோது கைபேசி ஒலித்தது. சுடலைமணியின் எண். பேசியது அவனில்லை.

"ஏம்மா, நீதான் பெட்டிக்காரியா? நான் மணி பொண்டாட்டி, சின்னத்தாயி."

"சொல்லுங்க, எல்லாரும் நல்லா இருக்கீங்களா?"

"என்னத்த நல்லா இருக்கோம்! ராத்திரி பூரா சிமெண்டுத் தரையில படுத்து முதுகு போயிட்டு. காலையில வந்து பாத்தா மலை அப்படியே நிக்கி. ஒரு கூடை மண்ணு கூட எறங்கல. ஊரே எம் புருசனத் திட்டுது."

"இப்போ மழை..."

"நின்னுட்டு. நானும் திட்டிட்டேன், அது வேற. உன்கிட்டச் சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு. அஞ்சு மணிக்கு உலை கொதிச்சுட்டு இருக்கையில கத்துனா என்னத்தச் செய்ய? அரிசி போட்டாச்சு, எறக்கவும் முடியல, விடவும் முடியல. வந்து பாத்தா சோறு அடிப்புடிச்சுக் கருகிக் கெடக்கு. நூறு வந்ததும் முன்கூட்டி ஒரு சின்னக் கத்து கத்தச் சொல்லு. கேட்டுட்டு நாங்க உலை வைக்காம இருப்போம்ல?"

பின்னால் சுடலைமணி, "ஏட்டி, அது மேடம்!" என்று சொல்வது கேட்டது.

"மேடம்னா சோறு பொங்க மாட்டாங்களா?" என்றாள் சின்னத்தாய்.

ராஜஸ்ரீ கைப்பையில் பேனாவைத் தேடினாள். கிடைக்கவில்லை. பேருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் நகத்தால் நூறு என்று கீறிக்கொண்டாள். கர்க்கடகம் முடிய இன்னும் நாலு வாரம் இருந்தது.